நான்காம் எண் அட்டை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படிப்பதற்குள் இந்த ஆள் நன்றாக அளக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். எனக்கே அப்படித் தோன்றினால் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அன்று வண்டி ஓட்டியவன் நான். ஷோல்பனைக் கப்பலடியில் இறக்கிவிட்டதும் நான்தான், திரும்ப ஏற்றிக்கொண்டதும் நான்தான். எத்தனை மணிக்கு ஏற்றிக்கொண்டேன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் நேரத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பேய் என்றால் நள்ளிரவு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். இது பிற்பகல் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் நடந்தது. அக்தாவ் துறைமுகத்தில், இரண்டு வருடத்துக்கு முன்பு, ஜனவரி பதினேழாம் தேதி. இருட்டு இல்லை. வெயிலும் இல்லை. மூன்று நாளாகக் கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி துறைமுகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இருபதடி தள்ளி நிற்கும் கப்பல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. கப்பலின் பெயரை எழுதப் போவதில்லை. அது இன்னும் எதிர்க்கரையில் இருக்கும் பாக்கூவுக்கும் எங்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருக்கிறவர்களும் ராத்திரி தூங்க வேண்டும் அல்லவா.

ஷோல்பன் எங்கள் மாலுமிகள் இல்லத்தின் பொறுப்பாளர். இல்லம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துறைமுக வாசலை ஒட்டி இரண்டு அறை, ஒரு கெட்டில், நாலு நாற்காலி, ஓயாமல் அறுந்துபோகும் இணையம். கரையிறங்கும் மாலுமிக்கு சிம் கார்டு வாங்கித் தருவது, பல்வலி என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவது, எட்டு மாதமாகப் பிள்ளை முகம் பார்க்காதவன் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவது. இவ்வளவுதான் வேலை. இமாமின் எண்ணையும் பாதிரியாரின் எண்ணையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருப்பாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வாய் கொஞ்சம் அதிகம், மனது அதைவிடப் பெரிது. பிணம் அவளுக்குப் புதிதில்லை. நான் அங்கே வண்டி ஓட்டுகிறேன். பெயர் எர்மெக். அவளைவிட எட்டு வயது மூத்தவன் என்பதால் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே என்னை அதட்டுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறுகிற எவரும் படிக்கட்டின் உச்சியில் இருக்கும் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். காவல் நிற்பவன் எண் போட்ட அட்டை ஒன்றைத் தருவான். இறங்கும்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்து, வெளியேறிய நேரத்தை எழுத வேண்டும். எழுதாமல் வந்துவிட்டால், கப்பல் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில் ஷோல்பன் ஒரு கப்பலின் அட்டையோடு வீட்டுக்கே போய்விட்டாள். கிளம்ப வேண்டிய கப்பல் நாற்பது நிமிடம் அவளை அறை அறையாகத் தேடியது. அதிலிருந்து, அவள் வண்டியில் ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அட்டையைக் குடுத்தியா?" அவள் முறைப்பாள், நான் சிரிப்பேன். அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்கவில்லை.

அந்தக் கப்பலின் சமையல்காரர் பெயர் அகாமிர்சா. அறுபத்தொரு வயது. அதே எதிர்க்கரையில் லெங்கரான் ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில், அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். அவ்வளவுதான். சமையலறைக்குப் பக்கத்தில் காய்கறி வைக்கும் குளிர் அறை உண்டு. அதைக் காலி செய்து, அவரைக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மூடுபனியில் கப்பல் கரை சேரவே செவ்வாய் ஆகிவிட்டது. காகிதங்கள் எல்லாம் முடிந்து, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சவ வண்டி வருவதாக ஏற்பாடு.

இறந்தவரைத் தனியாக விடக் கூடாது. மண்ணுக்குப் போகிற வரை யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே வழக்கம், அந்தப் பக்கமும் அதே வழக்கம். கப்பலில் இருந்தவர்கள் மூன்று நாளாக முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி போலீசில் உத்தரவு. கப்பலில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள். முதல் அதிகாரி எல்ஷாத், படிக்கட்டுக் காவலுக்கு ராமின். இருவராலும் இருக்கிற இடத்தை விட்டு நகர முடியாது. ஆறு மணி வரை யார் உட்காருவது? எல்ஷாத் நண்பகலில் ஷோல்பனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. ஏழு ஷெல்பெக் ரொட்டி சுட்டு, துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். செத்தவர் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கொடுப்பதற்கு.

பிற்பகல் 2.10. அகாமிர்சாவின் மனைவி சனூபர் லெங்கரானிலிருந்து கூப்பிட்டாள். ஷோல்பன் ரொட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நானும் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் குரல். தான் படுக்கையில் இருப்பதாகவும், மகள் நூரானாதான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். பிறகு மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாப்பது வருஷம் கடல்ல கிடந்த மனுஷன்மா. ஆனா தனியாப் படுக்கப் பயம். யார்கிட்டயும் சொல்லிடாத, சிரிப்பாங்க. வண்டி வர்ற வரைக்கும் அவரைத் தனியா விட்டுடாத."

"விட மாட்டேன்மா. ஆறு மணி வரைக்கும் அவர் பக்கத்துல இருந்து நகர மாட்டேன். சத்தியம்."

ஷோல்பன் லேசில் சத்தியம் செய்கிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். அதனாலேயே சொல்லுவதற்குப் பத்து தடவை யோசிப்பாள். அன்று யோசிக்காமல் சொன்னாள்.

3.05. படிக்கட்டின் உச்சியில் நோட்டில் பெயர் எழுதினாள். அங்கே ஒரு பலகையில் ஐந்து ஆணி, ஐந்து அட்டை. ராமின் நான்காம் எண்ணை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை ஆரஞ்சு நிறக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கள் இல்லத்தின் கோட் அது, துறைமுகத்தில் அந்த நிறம் எங்களுக்கு மட்டும்தான். நான் கீழே வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். இனி நடந்தது அவள் எனக்குச் சொன்னது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்கூட மாறவில்லை.

எல்ஷாத் அவளைக் குளிர் அறைக்குக் கூட்டிப்போனார். உருளைக்கிழங்கு, வெங்காயப் பெட்டிகள் சுவரோரம் நகர்த்தப்பட்டிருந்தன. நடுவில் பலகை. பலகையில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேலே ஒரு குண்டு பல்பு. மூலையில் குளிர் மெஷினின் விசிறி ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு எல்ஷாத் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஷோல்பன் ரொட்டி மூட்டையைச் சமையலறை மேசையில் வைத்தாள். இல்லத்தின் சின்ன வைஃபை பெட்டியையும் அங்கேயே வைத்தாள். சமையலறைக் கடிகாரம் 2.12 காட்டியது. தப்பில்லை. கப்பலுக்குப் பாக்கூ நேரம், அது எங்கள் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

3.15. அவளே சனூபரைக் கூப்பிட்டாள். வீடியோ வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று நாளான முகத்தை மனைவி பார்க்க வேண்டாம். குரல் மட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர் தலைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று எழுந்து கதவோரமாக வந்து நின்றுகொண்டாள். நாற்காலி காலியாக இருந்தது.

சனூபர் அழவில்லை. திட்டினாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதாம், வந்து பார்க்கிறேன் என்று போன தடவையும் சொல்லிவிட்டுப் போனாராம். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு, தான் மட்டும் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்துவிடுவாராம், உடம்பு எப்படித் தாங்கும் என்று கேட்டாள். ஷோல்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, உதட்டில் சிரிப்பும் வந்தது. அவள் வேலையில் இதுதான் நல்ல நேரம் என்று நினைத்தாளாம். அதுவரை பயம் என்பது துளியும் இல்லை.

3.40. விசிறி டக் என்று நின்றது. குளிர் போதுமான அளவு வந்ததும் மெஷின் தானாக நிற்கும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் திடீரென்று அறை மிகவும் அமைதியாகிவிட்டது. போனில் சனூபரின் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து.

3.50. குளிர் தாங்காமல் கெட்டிலைப் போடலாம் என்று இரண்டடி எடுத்துச் சமையலறைக்குப் போனாள். ரொட்டி மூட்டை அவிழ்ந்திருந்தது. மேலே இருந்த ரொட்டியின் ஓரம் கிள்ளப்பட்டிருந்தது. கட்டைவிரல் அளவு. ராமின் வந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் வந்தால் அவள் நின்ற கதவைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

4.02. "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகத்தி வைம்மா. அவர் கால்ல இடிக்குது."

ஷோல்பன் பார்த்தாள். வெங்காயப் பெட்டி ஒன்று அவர் பாதத்தில் ஒட்டி நின்றது. வரும்போது அது சுவரோரம் இருந்தது. நகர்த்தி வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் போனைப் பார்த்தாள்.

இது வீடியோ இல்லை. வெறும் குரல்.

"அம்மா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இழுத்து இழுத்து மூச்சு.

4.09. "நெத்தியில வச்ச கையை எடும்மா. அவருக்குப் பிடிக்காது."

ஷோல்பனின் இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

அவள் கதவோரம் இருந்தாள். அவர் தலை மூன்றடி தள்ளி இருந்தது.

துணி நெற்றியின் மேல் குழிந்திருந்தது. ஒரு கை அழுத்தியதுபோல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிவு மெல்ல... மெல்ல... மேலே எழும்பிச் சமமானது.

காற்றுதான் என்று வாய்விட்டுச் சொன்னாளாம். விசிறி அரை மணி நேரமாக ஓடவில்லை.

4.15. போனின் அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. கண்ணாடி. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தமும் இல்லை.

"அம்மா? சனூபர் அம்மா?"

ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஓடிவிடலாமா என்று நினைத்தாள். சத்தியம் காலைக் கட்டிப்போட்டது. ஆறு மணி ஆக இன்னும் நெடுநேரம் இருந்தது.

பிறகு குரல் வந்தது. மூச்சு வாங்காத குரல். தெளிவாக. மிகப் பக்கத்தில்.

"நான் வந்துட்டேன். நீ போம்மா. நான் உக்காந்துக்கறேன்."

ஷோல்பன் போனை எடுக்கக் குனிந்தாள். எடுத்தாள்.

திரை கறுப்பாக இருந்தது.

அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். குளிரில் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. எப்போது?

க்ரீச்.

நாற்காலி. யாரோ உட்கார்ந்தால் பிளாஸ்டிக் வளையுமே, அந்தச் சத்தம்.

நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அங்கிருந்துதான் குரல் வந்தது. கொஞ்சலாக, ரகசியம்போல.

"குருவி... என் குருவி..."

அவள் ஓடினாள்.

சமையலறைக் கடிகாரம் 3.20. எங்கள் நேரம் 4.20.

படிக்கட்டின் உச்சியில் ராமின் இல்லை. கயிற்றை இறுக்கப் பின்பக்கம் போயிருந்தானாம். நோட்டு இருந்தது. பேனா இருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

4.23. இது என் வண்டியின் கடிகாரம். கதவு படார் என்று திறந்தது. பேயறைந்த முகம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அன்றுதான் பார்த்தேன். "போங்க" என்றாள். நான் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யார் கேட்பார்கள்? இல்லத்து வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவரைத் தனியா விட்டுட்டேன் அண்ணே."

4.35க்கு இல்லத்துக்குள் வந்தோம். நேரத்தை மறந்துவிடாதீர்கள். 4.35லிருந்து அவள் என் கண் முன்னால், என் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. போனை ஜன்னலோரம் சார்ஜரில் செருகி வைத்திருந்தாள். ஐந்தேகால் இருக்கும், உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க அதைக் கையில் எடுத்தேன். திரை கறுப்புத்தான். ஆனால் போன் சுட்டது. நெடுநேரம் பேசிய போன் காதில் சுடுமே, அந்தச் சூடு. சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்து ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். அதன் மறுமுனை சுவரில் செருகப்படவே இல்லை. தரையில் கிடந்தது. நான் அதைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

5.30க்கு அவள் கைக்குட்டையைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கை விட்டாள். கை வெளியே வந்தபோது நான்காம் எண் அட்டை அதில் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பல் கணக்கில் அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள்.

போக வேண்டாம், நாளைக்குப் பகலில் கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். இப்போதும் பகல்தானே என்றாள். செத்தவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவந்தவள், அவர் வண்டியேறும்போதாவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். எனக்குப் போக இஷ்டமே இல்லை. ஆனாலும் சாவியை எடுத்தேன்.

5.58க்குக் கிளம்பினோம். மூடுபனியில் நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்ட முடிந்தது. பாதி வழியில், 6.03க்கு, எதிரே மஞ்சள் விளக்கு இரண்டு வந்தன. சவ வண்டி. வழி குறுகல் என்பதால் ஓரம் கட்டினேன். அது எங்களை உரசுவதுபோல மெதுவாகத் தாண்டியது. ஷோல்பன் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு நிறக் கோட். இதை நான் இன்றுவரை ஷோல்பனிடம் சொன்னதில்லை.

6.08. படிக்கட்டின் உச்சியில் எல்ஷாத் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த வைஃபை பெட்டியை நீட்டினார்.

"என்னக்கா, வண்டியோட போறேன்னு தலையாட்டினீங்க? இதை மறந்துட்டுத் திரும்பி வந்தீங்களா?"

ஷோல்பன் பெட்டியையே பார்த்தாள். அவரே பேசினார். கப்பல்காரர்கள் எல்லோரும் ஐந்தரைக்குத் திரும்பி வந்து, குளிர் அறை வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்களாம். சொந்த மனிதர்கள்கூட இப்படி உட்கார மாட்டார்கள், குனிந்து அவர் தலையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தீர்களே என்றார். இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்தாராம். திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாளாம். சொல்லும்போதே அந்தப் பெரிய மனிதருக்குக் குரல் உடைந்தது. ராமின் பக்கத்தில் வந்து, உங்க கை ஐஸ் மாதிரி இருந்ததுக்கா, ஏதாவது சூடாக் குடிச்சீங்களா என்று கேட்டான்.

நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். ஷோல்பன். உள்ளே 15.05. வெளியே 18.00.

பலகையில் ஐந்து ஆணி. ஐந்து அட்டை. நான்காம் எண் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் லேசாக ஆடியபடி.

ஷோல்பனின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. எதை இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அதை வெளியே எடுக்கவில்லை. எல்ஷாதுக்கு ஆறுதல் சொன்னாள், வைஃபை பெட்டியை வாங்கிக்கொண்டாள், இறங்கி வந்தாள்.

அன்று இரவு போன் உயிர் பெற்றது. அழைப்புப் பட்டியலைக் காட்டினாள். சனூபர், 15.15. பேசிய நேரம் இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் போட்டுப் பார்த்தோம். பிறகு விளக்கையெல்லாம் போட்டுவிட்டு விடிகிற வரை உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மூன்று நாளும் ஷோல்பன் சாப்பிட்டாளா தூங்கினாளா என்று தெரியாது. பயம் ஒரு பக்கம். அதைவிட அவளை அரித்தது வேறு. சத்தியம் செய்துவிட்டு ஓடி வந்துவிட்டேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? தினமும் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிருந்தே அழைப்பு வந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மகள் நூரானா. ஷோல்பன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார்களாம்.

ஷோல்பன் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு இதயம் ரொம்ப நாளாகவே சரியில்லை என்றாள் நூரானா. புதன்கிழமை, போன் தலையணையில் இருக்கும்போதே, அப்பாவிடம் பேசிக்கொண்டே இருந்தவள் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். கையைத் தூக்கி எதையோ தடவுவதுபோல ஆட்டினாள். அவ்வளவுதான். மணி அப்போது மூன்று பதினைந்து. அவர்கள் நேரம்.

"நான் கத்தினேன்க்கா. வீட்டுல வேற யாரும் இல்ல. அப்ப போன்ல உங்க குரல் வந்துச்சு. அழாத, நான் இங்கதான் இருக்கேன், அவரைத் தனியா விடலன்னு சொன்னீங்க. அஞ்சு மணிக்கு வண்டி வர்ற வரைக்கும் விடாம பேசிட்டே இருந்தீங்க. அது இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

அவர்கள் ஐந்து மணி, எங்கள் ஆறு மணி. ஓடிவந்ததைச் சொல்லத்தான் ஷோல்பன் வாயைத் திறந்தாள். அதற்குள் நூரானாவே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. நீங்க நடுவுல அப்பாவைக் குருவின்னு கூப்பிட்டீங்க. அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. அதுவும் யாரும் இல்லாதப்ப. சின்ன வயசுல கதவிடுக்குல நின்னு நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன். உங்களுக்கு அந்தப் பேரு யார் சொன்னாங்க?"

வெளியே ஏதோ ஒரு கப்பல் கிளம்பும் சங்கு கேட்டு அடங்கியது. பிறகு ஷோல்பன் உண்மையைச் சொன்னாள்.

"உங்க அம்மாதான் சொன்னாங்க."